கிருபாகரனுக்குக் கிடைத்த பத்தரை மணி நேரம்

திருவேற்காட்டில் வீடு தேடி அலைந்தபோது கிருபாகரனிடம் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான். ஃபேமிலியா, பேச்சிலரா? ஃபேமிலி என்றான். பொய்யில்லை, அப்போது அவனுக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். போனில் கல்யாண போட்டோவைக் காட்டித்தான் அந்த மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்தான். அதன் பிறகு பதினான்கு மாதம் ஓடிவிட்டது. அவன் மனைவி மதிவதனி இரண்டே முறைதான் அந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த இரண்டு முறையும் ஹவுஸ் ஓனர் நாகவல்லி அம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தது அவனுடைய தலையெழுத்து.

"இன்னாபா, ஃபேமிலின்னு சொல்லித்தான ஊடு புட்ச்ச? ஃபேமிலி எங்க கீது?" என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்பார்.

"கிருஷ்ணகிரி பக்கம் நர்ஸா இருக்காங்கம்மா. டிரான்ஸ்ஃபர் கெடைச்சதும் வந்துருவாங்க."

"நீயும் இத்தத்தான் சொல்லிகினே கீற."

மதிவதனி அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு செவிலியர். கிருபாகரன் வேலப்பன்சாவடியில் ஒரு சின்ன கம்பெனியில் சிஸ்டம் எஞ்சினியர். அவன் செய்யாறு பக்கம், அவள் போளூர் பக்கம். இரண்டு பேரும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் காட்டி ஃபீஸ் சலுகையில் படித்தவர்கள். பெண் பார்க்கப் போன அன்று பேச எதுவும் கிடைக்காமல், அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு எத்தனை முறை நடந்தோம் என்றுதான் இருவரும் பேசினார்கள். அவன் நான்கு, அவள் ஏழு. ஏழு என்று சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில்தான் அவன் விழுந்தான்.

புதன்கிழமை அவளுக்கு இடமாறுதல் கவுன்சிலிங். பூந்தமல்லி பக்கம் ஒரு காலியிடம் இருப்பதாகப் போன மாதமே தெரிந்திருந்தது. புதன் மாலை அவன் போன் செய்தபோது அவள், "நேர்ல சொல்றேங்க. ஞாயித்துக்கெழமை வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். நல்ல செய்தியை நேரில் சொல்வதுதானே வழக்கம். கிருபாகரன் அன்றைக்கே இரண்டாவது தலையணை ஒன்று வாங்கினான்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு வந்து, மாலை நான்கு மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். திங்கள் காலை அவளுக்கு டூட்டி. ஆக, பத்தரை மணி நேரம். அந்த ஞாயிற்றுக்கிழமையில் வேலை நுழைந்துவிடக்கூடாது என்று சனிக்கிழமை முழுக்க அவன் பம்பரமாகச் சுழன்றான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே நான்கு பழைய சர்வர்கள் மூச்சிறைத்துக்கொண்டிருந்தன. கணக்குக்கு ஒன்று, கேட் பாஸுக்கு ஒன்று, வருகைப்பதிவுக்கு ஒன்று, டிராயிங்குக்கு ஒன்று. நான்கையும் எடுத்துவிட்டு ஒரே பெரிய சர்வரை வைத்து, அதற்குள் நான்கையும் குடிவைப்பது அவன் வேலை. ஒரே வீட்டைச் சுவர் எழுப்பி நான்கு போர்ஷனாகப் பிரித்து, தனித்தனி மீட்டர் வைத்து வாடகைக்கு விடுகிறார்கள் அல்லவா, அதுபோலத்தான். உள்ளே இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனக்குத் தனி வீடு இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். அந்தப் பிரிவினையைச் செய்து, யாருக்கு எவ்வளவு இடம், எவ்வளவு கரண்ட் என்று பார்த்துக்கொள்கிற மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

அதை இன்ஸ்டால் செய்வது பெரிய வித்தையில்லை, அரை மணி நேரம்தான். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. சர்வருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். மாறாத முகவரி கொடுக்க வேண்டும். கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். புது சர்வர் லண்டன் நேரத்தில்தான் கண் விழிக்கும். அப்படியே விட்டால் காலை எட்டு மணி ஷிஃப்டுக்கு வந்தவன் இரண்டரைக்கே வந்துவிட்டதாக வருகைப்பதிவு சொல்லும். டிஸ்குகளைக் கட்ட வேண்டும், உள்ளே இருப்பவை வெளியே பேசுவதற்குப் பாலம் போட வேண்டும், தினசரி பேக்கப் எங்கே போக வேண்டுமென்று சொல்ல வேண்டும். கிருபாகரன் இதையெல்லாம் ஒரு கூரியர் கவரின் பின்பக்கத்தில் பதினாறு எண் போட்டு எழுதி வைத்திருந்தான். முடிந்ததற்கெல்லாம் ஒரு டிக்.

பதினோராம் எண்ணில்தான் தடுக்கியது. சர்வரின் முதுகில் தனியாக ஒரு சின்ன போர்ட் உண்டு. சர்வரே பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாலும், அந்த போர்ட்டுக்கு ஒரு கேபிள் போட்டு வைத்திருந்தால், எங்கிருந்து வேண்டுமானாலும் அதன் திரையைப் பார்த்துச் சரிசெய்யலாம். அவன் பையில் இருந்த கேபிள் ஒரு முழம் குறைந்தது. புதிதாக ஒன்று செய்யக் கால் மணி நேரம் போதும். ஆனால் மணி ஆறு ஆகியிருந்தது. குமணன்சாவடியில் மீன் கடையில் வஞ்சிரம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தான். வீடு கூட்டவில்லை, பாத்ரூம் கழுவவில்லை. திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று பதினொன்றுக்கு ஒரு டிக் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

மிச்சம் இருந்தது பதினான்காம் எண் மட்டும். சர்வரை நிர்வகிக்கிற வழியைத் தனியாகப் பிரித்து, இருபதாம் எண் நெட்வொர்க்கில் வைக்க வேண்டும் என்று தொழிற்சாலையின் ஐ.டி. பொறுப்பாளர் மனோகரன் கேட்டிருந்தார். திங்கள் காலை ஒன்பதுக்குள்.

ஞாயிறு விடியலில் வேலப்பன்சாவடி மேம்பாலத்துக்குக் கீழே மதிவதனி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இளைத்திருந்தாள். பைக்கில் உட்கார்ந்ததும் அவன் முதுகில் தலையைச் சாய்த்தவள் வீடு வரும்வரை எடுக்கவில்லை.

காபி கொடுத்துவிட்டு, "கவுன்சிலிங் என்னாச்சு?" என்றான்.

"மூணு நாளா நைட் டூட்டிங்க. கண்ணு ரெண்டும் எரியுது. ஒரு தூக்கம் போட்டு எழுந்து சொல்றேன்."

படுத்த வேகத்தில் தூங்கிப்போனாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணிவரை அப்படியே இருந்தான். எழுப்பவும் மனமில்லை, அத்தனை நேரம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. சரி, அவள் தூங்குகிற நேரத்தில் அந்தப் பதினான்கையும் முடித்துவிட்டால் நாளைக் காலை அவசரமாக ஓட வேண்டாம் என்று லேப்டாப்பைத் திறந்தான்.

கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவனே சொல்வான்: நீ எந்த வழியாக உள்ளே போயிருக்கிறாயோ, அந்த வழியில் தூரத்திலிருந்து கை வைக்காதே. அன்றைக்கு அது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது. வந்ததை ஒதுக்கிவிட்டு, இருபது என்று எண்ணைப் போட்டு என்டரைத் தட்டினான். நிர்வாக வழிக்கு மட்டும் போட வேண்டிய எண்ணை மொத்தப் பாலத்துக்கும் போட்டுவிட்டிருந்தான் என்பது தட்டிய நொடியில் தெரிந்தது. திரை அப்படியே உறைந்தது. சர்வர் காணாமல் போனது.

உள்ளே நான்கு கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். யாராலும் அவற்றிடம் போய்ச் சேர முடியாது, அவ்வளவுதான். பதினோராம் எண் கேபிள் இருந்திருந்தால் அதன் வழியாக உள்ளே போயிருக்கலாம். அவன் வஞ்சிரம் வாங்கப் போயிருந்தான்.

பதினைந்து நிமிடத்தில் போன் அடித்தது. தொழிற்சாலையின் செக்யூரிட்டி பச்சையப்பன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வேறு யாரும் இல்லை. லாரிகளை அனுப்பும் பொறுப்பும் அவருடையதுதான்.

"சார், கேட் பாஸு வர மாட்டேன்து சார். நாலு லாரி லோடு ஏத்திகினு நிக்குது. டிரைவருங்கோ என் மேல பாயறானுங்கோ. மிசினு சுத்திகினே கீது."

"அண்ணே, ஒரு பத்து நிமிஷம்."

"பத்து நிமிசமா? அதுல ஒர்த்தன் ஓசூரு போணும். சாயங்காலத்துக்குள்ள எறக்கலன்னா மாலு திரும்பிடும்ன்றான். இன்னா சொல்லட்டும்?"

பேச்சுச் சத்தத்தில் மதிவதனி எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி புரிந்தது. வார்டில் முகம் பார்த்துப் பழகியவள்.

"என்னங்க பண்ணீங்க?"

போர்ஷன் கணக்கில் அவளுக்குச் சொன்னான். ஒரே வீடு, நான்கு குடித்தனம், ஒரே வாசல்.

"அப்ப வாசலைச் சாத்திட்டு, சாவிய உள்ளயே வச்சிட்டு வந்துட்டீங்க."

"ஆமா."

"பின் வாசல்?"

"அதுக்குத்தான் நேத்து கேபிள் போடணும். போடல."

அவள் மணியைப் பார்த்தாள். எட்டே முக்கால். அவன் தலைகுனிந்துகொண்டு, "நீ படு மதி. பன்னெண்டுக்குள்ள வந்துருவேன்" என்றான்.

"ராத்திரி பூரா பஸ்ல குலுங்கிட்டு வந்தது உங்க வீட்டுச் செவுத்தப் பாக்கவா? இருங்க, மூஞ்சி கழுவிட்டு வர்றேன். நானும் வர்றேன்."

அயனம்பாக்கம் வழியாகப் போனார்கள். ஏரிக்கரையில் காற்று நன்றாக இருந்தது. ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வழியில் கட்டுகிற அடுக்குமாடிகளை ஒவ்வொன்றாக அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். இங்கே வந்து வாழப்போகிறவள் பார்க்கிற பார்வை அது என்று அவன் எடுத்துக்கொண்டான். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தபோது மனோகரனின் போன் வந்தது.

"என்ன கிருபா, ஞாயித்துக்கெழமை கூட வேலை பாக்கறீங்க போலருக்கு. ரொம்ப சின்சியர்."

"சாரி சார். போய்க்கிட்டே இருக்கேன் சார்."

"போங்க, போங்க. நம்ம பழைய சர்வரு பன்னெண்டு வருஷம் ஓடுச்சு. உங்களது பன்னெண்டு மணி நேரம். சும்மா சொன்னேன், தப்பா எடுத்துக்காதீங்க."

கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் ஒருவர், "இவருதானா அந்த டாக்டரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது கிருபாகரன் காதில் விழுந்தது. பச்சையப்பன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தவர், பின்னால் ஒரு பெண் இறங்குவதைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அவங்க ஒய்ஃபுண்ணே. ஊர்லேர்ந்து வந்துருக்காங்க."

"வாம்மா. நல்ல நாளு பாத்துத்தான் வந்துகீற."

சர்வர் அறையில் மானிட்டர் இல்லை. ஐ.டி. அறை பூட்டியிருந்தது, அதன் சாவி மனோகரன் வீட்டில். மிச்சம் இருந்தது செக்யூரிட்டி கூண்டில் கேமரா பார்க்கிற மானிட்டர் ஒன்றுதான். கிருபாகரன் அதன் வயரைப் பிடுங்கினான்.

"இத்த எட்த்துக்கினு போனா நான் எத்தப் பாத்துகினு காவ காக்கறது?"

"கண்ணால பாருங்கண்ணே, ஒரு அரை மணி நேரம்."

"அதுக்கு இன்னொரு சம்பளம் தரணும் நைனா" என்று சொல்லிக்கொண்டே கீபோர்டையும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

மானிட்டர் வயர் குட்டையாக இருந்தது. மேசைமேல் வைக்க எட்டவில்லை. மதிவதனி சர்வர் அலமாரிக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, மானிட்டரை மடியில் நிறுத்திப் பிடித்தாள். ஏசியின் குளிர் நேராக அவள் மேல் அடித்தது. அவன் தரையில் முட்டி போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். எழுத்து பார்க்க அவள் மடிக்கு அருகில் குனிய வேண்டியிருந்தது.

"இதுக்குப் பேர்தான் உங்க வேலையா?"

"தினமும் இப்படி இல்ல."

மாற்றுவதற்கு முன்னால் எந்தக் கோப்பையும் தேதி போட்டு ஒரு நகல் எடுத்து வைக்கிற பழக்கம் அவனுக்கு உண்டு. அவசரத்திலும் கை அதைச் செய்திருந்தது. பழைய நகலைத் திரும்பப் போட்டான். பாலத்தை எழுப்பினான். முதல் முறை தவறாகத் தட்டினான், இரண்டாம் முறையும். விரல் குளிரில் விறைத்திருந்தது. அவள் ஒரு கையை மானிட்டரிலிருந்து எடுத்து அவன் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நோயாளிக்கு ஊசி போட நரம்பு தேடுகிறவள் பிடிக்கிற பிடி. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அடிங்க" என்றாள்.

பத்து இருபதுக்கு வெளியே இருந்து பச்சையப்பன் குரல் வந்தது. "பாஸு வந்துச்சு சார்." லாரி ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. அடுத்தது. கிருபாகரன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினான்.

"பத்தரைக்குக் கெளம்பினா பதினொண்ணுக்கு வீடு" என்றான். "கெளம்பலாம் வா."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் பையிலிருந்து சரிந்து கிடந்த கூரியர் கவரைக் கையில் எடுத்திருந்தாள்.

"பதினொண்ணாவதுக்கு டிக் போட்டிருக்கு. செஞ்சீங்களா?"

அவன் கவரை வாங்கக் கை நீட்டினான்.

"எங்க வார்டுல குடுக்காத மருந்துக்கு டிக் போட்டா மெமோ. என்னைக்காவது ஒரு நாள் ஆள் செத்துரும்."

"திங்கக்கெழமை போட்டுக்கறேன் மதி. நேரம் போவுது."

"போவுதுதான். அதுக்காக இதையும் விட்டுட்டுப் போனா, அடுத்த தடவை நான் வர்றப்பவும் ஒரு போன் வரும். போட்டு முடிங்க. பதினாலையும் முடிங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் இப்படிச் சொல்லுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பத்தரை மணி நேரத்தில் பாதி ஏற்கெனவே போயிருந்தது. ஆனால் அவள் குரலில் இருந்தது டூட்டிக் குரல், அதற்கு மேல் பேச்சில்லை.

கேபிள் சுருளிலிருந்து மூன்று மீட்டர் வெட்டி, நுனித்தோலைச் சீவினான். உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், எட்டு நிறம். அவற்றைப் பிரித்து, நேராக்கி, வரிசையாக அடுக்கி கண்ணாடி போன்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் முனைக்குள் நுழைக்க வேண்டும். வரிசை ஒன்று மாறினாலும் வேலைக்காகாது.

"குடுங்க, நான் அடுக்கறேன். நெறம் மட்டும் சொல்லுங்க."

"ஆரஞ்சு வெள்ளை. ஆரஞ்சு. பச்சை வெள்ளை. நீலம்."

"பச்சைக்கு அப்பறம் பச்சை இல்லையா?"

"இல்ல. நீலம், நீல வெள்ளை, அதுக்கு அப்பறம்தான் பச்சை. பழுப்பு வெள்ளை. பழுப்பு."

"எவன் வச்ச வரிசை இது" என்றபடி, பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு பார்க்கிற விரல்களால் அவள் அதை அவனைவிட வேகமாக அடுக்கினாள். இரண்டு முனையும் அவள் அடுக்கியதுதான். சோதித்தபோது எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. வேலைக்கு வந்த இந்த ஆறு வருஷத்தில் அவன் எத்தனையோ நூறு கேபிள் செய்திருப்பான், ஒன்றும் இவ்வளவு நேராக வந்ததில்லை.

பிறகு இருபதாம் எண். இந்த முறை வரிசைப்படி: முதலில் நெட்வொர்க் சுவிட்சில் வழி திறந்து, அது திறந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு சர்வரில் நிர்வாக வழிக்கு மட்டும். ஒவ்வொன்றையும் அவன் சொல்ல, அவள் திரும்பச் சொல்லி டிக் போட்டாள். ஏழு, எட்டையெல்லாம்கூட விடாமல் மறுபடி கேட்டாள்.

"நாலு கம்ப்யூட்டரையும் இதுக்குள்ள எப்படிக் கொண்டாந்தீங்க? தூக்கிட்டு வந்தா?"

"இல்ல. கேபிள் வழியா. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே இன்னொரு சர்வருக்கு அனுப்பக்கூடச் செய்யலாம். உள்ள வேலை பாக்கறவங்களுக்கு மாறுனதே தெரியாது."

"எனக்கும் ஒரு கேபிள் மாட்டி இழுத்துருங்களேன்" என்றாள்.

சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் முடிந்துபோனது போல அவனுக்குத் தோன்றியது. அப்போதே கேட்டிருக்கலாம். பச்சையப்பன் டீயோடு வந்து நின்றார்.

வீடு திரும்பும்போது மணி ஒன்றே முக்கால். மசாலா தடவி வைத்திருந்த வஞ்சிரத்தை எடுத்து அவள் கல்லில் போட்டாள். அவன் குக்கரில் சோறு வைத்தான். ஒரே அடுப்படியில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கிற அந்த இடைஞ்சல் அவனுக்கு ஒரு விருந்தாக இருந்தது. தட்டில் சோறு போட்டு இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார்கள். மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டு நாகவல்லி அம்மாள் மேலே வந்துவிட்டார்.

"மெய்யாலுமே ஃபேமிலி கீதுபா இவனுக்கு" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தார். "நான் இன்னா நென்ச்சேன் தெரியுமா, போட்டோல கீறது எந்தப் பொண்ணோன்னு."

மதிவதனி அவருக்கும் ஒரு துண்டு மீன் எடுத்து வைத்தாள். முட்டிவலிக்கு மாத்திரை கேட்டார், பிரஷரைப் பற்றிக் கேட்டார், மருமகளைப் பற்றிச் சொன்னார். "எப்போ கண்ணு இங்கியே வரப்போற?" என்று கேட்டார்.

கிருபாகரன் சாப்பிடுவதை நிறுத்தினான்.

"பாக்கலாம்மா" என்றாள் மதிவதனி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

அந்த அம்மாள் இறங்கிப் போனபோது மூன்றேகால். அவள் பையை மூடினாள்.

வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் பைக்கைப் பூட்டிவிட்டு அவன் பையோடு நின்றான். கிருஷ்ணகிரி பஸ் வந்தது. பையை உள்ளே வைத்துத் தருகிறேன் என்று ஏறியவன், அவள் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் பார்த்தான். உட்கார்ந்தான். பஸ் நகர்ந்தது.

"எறங்குங்க" என்றாள்.

"ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வர்றேன். பேசவே இல்லையே நாம."

கண்டக்டர் வந்தார். கிருஷ்ணகிரி ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் ஒன்று. பூந்தமல்லி தாண்டும்வரை அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"கெடைக்கலங்க. அந்த எடத்துக்கு என்னைவிட சீனியர் ஒருத்தங்க கேட்டுட்டாங்க. கைக்கொழந்தையோட வந்திருந்தாங்க. அடுத்த கவுன்சிலிங் அடுத்த வருஷம்."

அவன் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"போன்ல சொன்னா நீங்க அழுவீங்க. அங்க பக்கத்துல யாரும் இல்ல உங்களுக்கு. அதான் நேர்ல சொல்லலாம்னு வந்தேன். காலைலேர்ந்து சொல்ல நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு பக்கம் நேரம் கெடைக்காததும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஸ்ரீபெரும்புதூர் யாருப்பா, முன்னால வா" என்றார் கண்டக்டர்.

கிருபாகரன் எழுந்திருக்கவில்லை. பணத்தை எடுத்து நீட்டினான். "வாலாஜாபேட்டை ஒண்ணு குடுங்க."

கண்டக்டர் அவனையும் அவளையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

காஞ்சிபுரம் பிரிவு தாண்டியது. பிறகு பேசினார்கள். மலையில் அவள் தங்கியிருக்கிற குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவது, போன மாதம் ஜீப் வர முடியாமல் ஒரு பெண்ணுக்கு வழியிலேயே அவள் பிரசவம் பார்த்தது, அந்தக் குழந்தைக்கு அந்தக் குடும்பம் இவள் பெயரையே வைத்தது. இதெல்லாம் போனில் கேட்டிராத கதைகள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று ஒரு நாளும் தன்னால் சொல்ல முடியாது என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. பதினான்கு மாதமாக அவள் இங்கே வருவதைப் பற்றியே பேசியிருந்தார்கள். அவள் வந்தால் எந்த அறை, எந்த ஜன்னலுக்குத் திரை, எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்.

"உங்க வேலை மெட்ராஸ்ல மட்டும்தான் இருக்குமா?" என்று மதிவதனி கேட்டாள். கேள்வியை அவள் அவனைப் பார்த்துக் கேட்கவில்லை. "இன்னைக்கு அந்த லாரிக்காரரு ஓசூருக்குன்னாரு. அங்கயும் கம்பெனிங்க இருக்கு. அங்கயும் யாராவது இதையெல்லாம் செஞ்சுகிட்டுத்தான இருப்பாங்க."

ஊரில் அவன் அம்மா யாரிடமும் அவன் பெயரைச் சொல்வதில்லை, 'மெட்ராஸ்ல இருக்கறவன்' என்றுதான் சொல்வாள். அவன் தெருவிலிருந்து அப்படி ஒருவன் போனது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டால் அம்மா தன்னை என்ன சொல்லிக் குறிப்பிடுவாள் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். பஸ் வேகம் குறைந்தது.

"வாலாஜா, வாலாஜா. தம்பி, உன்னதுதான்."

நாளைக் காலை ஒன்பதுக்கு மனோகரன் வந்துவிடுவார். பைக் வேலப்பன்சாவடியில் நிற்கிறது. மதிவதனி மடியிலிருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தி, அவன் இறங்க வழிவிட்டாள்.

"வேலூர் ஒண்ணு" என்றான் கிருபாகரன்.

"மொதல்லயே கிருஷ்ணகிரிக்கு ரெண்டுன்னு எடுத்திருந்தா எனக்குப் பேப்பர் மிச்சம்" என்று கண்டக்டர் சீட்டை நீட்டினார். பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். பஸ் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறியது. வேலூருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்.

"ஓசூர்லேர்ந்து உங்க ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு மணி நேரம். மழை பேஞ்சா ரெண்டரை." அவள் யோசிக்காமல் சொன்னாள். "நடுவுல தேன்கனிக்கோட்டைல வீடு பாத்தா உங்களுக்கு முக்கால், எனக்கு ஒண்ணேகால்."